வட்டிப் பாடமா, ஒப்பந்த வாசிப்பா? காத்தான்குடிச் சூழலில் இளையோருக்கான நிதிக் கல்வி

இலங்கை மத்திய வங்கி 2021இல் வெளியிட்ட தேசிய நிதியியல் வசதிக்குட்படுத்தல் உபாயம், நிதி அறிவைத் தன் நான்கு தூண்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் யாருக்கு, எப்போது, எதைக் கற்பிப்பது என்பதைக் கொழும்பிலிருந்து தீர்மானித்துவிட முடியாது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நெருக்கமாக அமைந்த முஸ்லிம் வணிக நகரம் காத்தான்குடி. அதன் தெற்கே ஆரையம்பதியை அண்டி உயர் தொழில்நுட்ப நிறுவகம் இயங்குகிறது. பல்கலைக்கழக அனுமதி கிட்டாத உயர்தர மாணவர்கள் உயர் தேசிய டிப்ளோமா படிக்க நாடும் இத்தகைய நிறுவகங்களே பிற நாடுகளின் சமுதாயக் கல்லூரிகளுக்கு இலங்கையில் மிக நெருக்கமானவை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியின் மாணவருக்கு நிதிக் கல்வியின் மையமாக இருக்கவேண்டியது வட்டிப் பாடம் அன்று, ஒப்பந்த வாசிப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலகளவில் நிதி அறிவை அளக்கப் பொருளியலாளர்கள் அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிச்சலும் வகுத்த மூன்று வினாக்கள் பெரிதும் பயன்படுகின்றன. அவற்றில் முதலாவது, சேமிப்புக் கணக்கில் வட்டி எவ்வளவு சேரும் என்பது. வட்டியை ஹறாம் என்று விலக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவி இதற்குச் சரியான விடை எழுதிவிடலாம். ஆயினும் அவ்விடை அவளுடைய பண வாழ்க்கையைத் தொடுவதில்லை. அவள் வீட்டின் நிதிக் கல்வி வேறிடத்தில் நடக்கிறது. ஆண்டுக்கொருமுறை ஸகாத் கணக்கிடும் குடும்பம் நகை, ரொக்கம், கடைச் சரக்கு, வரவேண்டிய கடன் ஆகியவற்றைத் தொகுத்து, கொடுக்கவேண்டியதைக் கழித்து, மிஞ்சுவது நிஸாப் எனும் குறைந்தபட்ச வரம்பை எட்டினால் 2.5 வீதம் ஒதுக்குகிறது. கணக்கியல் ஆசிரியர் ஐந்தொகை என்று கற்பிப்பதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இதுதான். பாடத்தை இங்கிருந்து தொடங்கினால், கணக்கு வெளியூரிலிருந்து வந்த ஒழுக்கப் போதனையாகத் தோன்றாது.

இரு சமூகத்துக்கும் பொதுவானதோ, பெண்ணுக்கு வீடு கொடுக்கும் கிழக்கிலங்கை வழக்கம். மகளின் திருமணத்துக்கு முன் வீடு எழும்பவேண்டும் என்பதே பல குடும்பங்களின் மிகப் பெரிய முதலீட்டுத் தீர்மானம். நகை அடகுக்குப் போவதும், சீட்டு எடுப்பதும், மகன் மத்திய கிழக்குக்குப் புறப்படுவதும் பெரும்பாலும் இதையொட்டியே நிகழ்கின்றன. மாதச் செலவுப் பட்டியல் எழுதப் பழக்கும் பாடநெறி இந்தத் தீர்மானத்தைக் கண்டுகொள்ளாவிட்டால், குடும்பத்தின் உண்மையான கணக்கு அதற்கு வெளியிலேயே நின்றுவிடும்.

ஒப்பந்த வாசிப்பு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2005இன் வங்கித் தொழில் திருத்தச் சட்டம் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அம்முறையில் அமானா வங்கி செயற்படத் தொடங்கியது. இம்முறையின் ஒப்பந்த வகைகளில் ஒன்றான முறாபஹாவில், 3 இலட்சம் ரூபா பெறுமதியான தையல் இயந்திரத்தை நிறுவனம் வாங்கி, 3,72,000 ரூபாவுக்கு விற்று, 24 மாதத் தவணையில் 15,500 ரூபா வீதம் பெறுகிறது என்று கொள்வோம். வேறொரு நிதி நிறுவனம் அதே 3 இலட்சத்தை ஆண்டுக்கு 12 வீத நிலையான வட்டியில் கொடுத்தாலும் தவணை 15,500தான். மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே போக, கட்டணம் மட்டும் முழு முதலுக்கும் அறவிடப்படுவதால், குறையும் மீதியின் மேல் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.6 வீதம்.

இலாபத்தை வட்டியின் அளவுகோலால் அளப்பது மார்க்க வேறுபாட்டை அழித்துவிடும் என்ற ஆட்சேபம் எழலாம். அது புறந்தள்ளத்தக்கதல்ல. பொருளை நிறுவனம் முதலில் உடைமையாக்கியதா, விலை இடையில் ஏறாதா, தாமதக் கட்டணம் தருமத்துக்குப் போகிறதா ஆகிய கேள்விகள் முறாபஹாவை வாசிக்க இன்றியமையாதவை. ஆனால் விலையை ஒப்பிடுவது வாங்குபவரின் உரிமை. அளவுகோல் ஒன்றாவதால் ஒப்பந்தங்கள் ஒன்றாகிவிடா. ஒரே வகுப்பில் தமிழ் மாணவர் நுண்கடன் பத்திரத்தையும் முஸ்லிம் மாணவர் முறாபஹாப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்க இந்தப் பொது அளவுகோல் வழிசெய்யும்.

ஒப்பந்த வாசிப்புக்கும் எல்லை உண்டு. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தது. அதற்குக் காரணமான நுண்கடன் நெருக்கடியைக் கடனாளிகளின் அறியாமையாகச் சுருக்குவது அநீதி. ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் திணித்ததும், வசூலிப்பின் கெடுபிடியும், வருமானமின்மையும் பாடநெறியால் தீரக்கூடியவை அல்ல. நிதிக் கல்வி ஒழுங்குபடுத்தலின் பொறுப்பைத் தனிமனிதரின் தலையில் இறக்குகிறது என்று சட்ட அறிஞர் லோரன் வில்லிஸ் 2008இல் எழுப்பிய எதிர்ப்பு இங்கே பொருந்துகிறது.

காலமும் முக்கியம். ஃபெர்னாண்டஸும் வேறு இரு ஆய்வாளரும் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 வீதத்தையே நிதிக் கல்வி விளக்குகிறது என்றும், அந்த விளைவும் நாட்செல்லத் தேய்கிறது என்றும் கண்டது. 76 சமவாய்ப்புப் பரிசோதனைகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு ஆய்வு இதைவிட நம்பிக்கையான முடிவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், கல்வி பயனற்றது என்றோ, ஒருநாள் கருத்தரங்கு போதும் என்றோ சொல்ல இடமில்லை. முதல் ஆண்டுத் தொடக்கத்தில் மொத்தமாகக் கொட்டுவதைவிட, தீர்மானங்கள் நெருங்கும் இறுதி ஆண்டில், பயிற்சி வேலையின் முதற்சம்பளம் கைக்கு வரும்போதும் வெளிநாட்டு வேலை முகவரின் பத்திரம் வீட்டுக்கு வரும்போதும் பாடத்தைப் பகிர்ந்து வைப்பதே பொருத்தம். வங்கித் தொழில் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்யும் பிரமிட் திட்டங்களுக்கும் அதே பருவத்தில் ஒரு வகுப்பு தேவை. 2023இல் சரிந்த எம்டிஎஃப்இ (MTFE) முதலீட்டுத் திட்டம் போன்றவை நண்பர், உறவினர் மீதான நம்பிக்கையின் வழியே பரவுவதால், நெருங்கிய உறவுள்ள ஊர்களே அவற்றுக்கு எளிதான களம்.

ஆகவே இத்தகைய பாடநெறியின் வெற்றியை வினாத்தாள் புள்ளிகளால் அளக்கக்கூடாது. கையொப்பமிடுமுன் மொத்த விலையையும், ஆண்டு வீதத்தையும், தவணை தப்பினால் என்ன நடக்கும் என்பதையும் மாணவர் கேட்கிறாரா, கேட்டதற்கு எழுத்தில் பதில் கிடைக்கிறதா என்பவையே அளவு. இரண்டாவது கேள்விக்குப் பதிலளிக்கவேண்டியவர் மாணவர் அல்லர், கடன் கொடுப்பவரும் அவரை மேற்பார்வை செய்யும் அரசும்தான்.