உறக்க ஆய்வு

உறக்கக் கோளாறுகளைக் கண்டறிவதற்காக, ஒருவர் உறங்கும்போது அவரது மூளை, கண், தசை, இதயம், மூச்சு ஆகியவற்றின் இயக்கங்களை இரவு முழுவதும் ஒருசேரப் பதிவுசெய்யும் சோதனை உறக்க ஆய்வு எனப்படும். இதன் மருத்துவப் பெயர் பாலிசோம்னோகிராஃபி.

சோதனைக்கு வருபவர் அன்று பிற்பகலிலிருந்து காபி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்ப்பதோடு, தலைக்கு எண்ணெய் வைக்காமலும் வர வேண்டும்; எண்ணெய்ப் பசை இருந்தால் மின்முனைகள் சரியாக ஒட்டா. தலை, கண்ணோரம், மோவாய், மார்பு, கால் ஆகிய இடங்களில் மின்முனைகளும், மூக்கருகே மூச்சோட்டத்தை உணரும் மெல்லிய குழாயும், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளும், விரல்நுனியில் இரத்த ஆக்சிஜனை அளக்கும் கவ்வியும் பொருத்தப்படுகின்றன. ஊசி எதுவும் குத்தப்படுவதில்லை. இத்தனை கம்பிகளோடு எப்படி உறங்குவது என்ற அச்சம் இயல்பானதே. எனினும் வழக்கத்தைவிடக் குறைவாக உறங்கினாலும் பெரும்பாலும் முடிவு காண முடிகிறது. இரவில் கழிப்பறைக்குச் செல்ல நேர்ந்தால், அடுத்த அறையில் விழித்திருந்து கண்காணிக்கும் தொழில்நுட்பர் வந்து இணைப்பைக் கழற்றிவிடுவார்.

பதிவு 30 நொடித் துண்டுகளாகப் பிரித்து ஆராயப்படுகிறது. குறைந்தது 10 நொடி மூச்சோட்டம் நின்றுபோவது மூச்சுத்தடை எனப்படும். இத்தகைய தடைகளும் மூச்சுக் குறைவுகளும் சேர்ந்து பெரியவர்களிடம் மணிக்கு 5க்குக் கீழிருந்தால் இயல்பு, 30ஐ எட்டினால் கடுமை. தடை மிகுந்திருப்பது முற்பாதியிலேயே தெரிந்தால், மூச்சுப்பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்துவைக்கும் சிபாப் முகமூடியை அதே இரவில் அணிவித்துப் பார்ப்பதும் உண்டு.