அயர்ன்மேன்: ஒரு தீவின் அளவு

3.86 கிலோமீட்டர் கடல் நீச்சல். கரையேறியதும் 180.25 கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள். அயர்ன்மேன் என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கும் நெடுந்தூர டிரையத்லானின் அளவு இது. வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்த்து, விடிகாலையில் எழுந்து பயிற்சி எடுத்து மாதக்கணக்கில் இதற்காக உடம்பைத் தயார் செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று எண்களையும் தடுமாறாமல் சொல்வார்கள்.

எண்கள் ஏன் இப்படிப் பின்னமும் தசமமுமாக இருக்கின்றன? மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்து எந்த விஞ்ஞானியும் இவற்றை எழுதித் தரவில்லை. ஹவாயின் ஒவாஹு தீவைச் சுற்றி எவ்வளவு சாலை இருந்தது, அதில் எவ்வளவைக் கழித்தால் கணக்கு பொருந்தும் என்று ஒரு கடற்படைப் பொறியாளர் போட்ட கூட்டல் கழித்தலில் பிறந்தவை அவை.

கதை அதற்குச் சற்று முன்னால் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை. சான் டியேகோ ஓட்டக்காரர்களின் சங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோனும் டான் ஷனஹனும் மிஷன் பே கரையில் ஒரு புதுப் போட்டியை வைத்தார்கள். ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றும் கலந்த போட்டி. 46 பேர் வந்தார்கள். மொத்தமாக ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓட்டம், 8 கிலோமீட்டர் சைக்கிள், அரை கிலோமீட்டருக்கும் குறைவான நீச்சல். வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில் தொடங்கியதால் கடைசியில் நீந்தியவர்களை இருட்டு பிடித்துக்கொண்டது. கரையில் காரை நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டு அவர்களுக்கு வழி காட்டினார்கள்.

அந்த 46 பேரில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் ஒருவர். மனைவி ஜூடியும் பிள்ளைகளும்கூடக் கலந்துகொண்டார்கள். காலின்ஸ் ஒன்றும் நட்சத்திர வீரர் அல்ல, அன்று பட்டியலில் பின்பாதியில் வந்தவர். ஆனால் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துபார்க்கும் ருசி அந்தக் குடும்பத்துக்குப் பிடித்துப்போனது. பிறகு பணி மாற்றம் வந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார்கள்.

1977-இல் ஒவாஹு தீவைச் சுற்றி ஐந்து ஐந்து பேர் அணியாக ஓடும் தொடர் ஓட்டம் முடிந்து பரிசளிப்பு விழா. ஓட்டக்காரர் சங்கத்தினரும் வைக்கிக்கி நீச்சல் சங்கத்தினரும் கூடியிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வழக்கமாக எழும் வாக்குவாதம் அன்றும் எழுந்தது. யாருக்கு உடம்பு கெட்டி, நீந்துபவருக்கா, ஓடுபவருக்கா? காலின்ஸ் மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெல்ஜியத்தின் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் உடம்புதான் ஆக்சிஜனை மிக அதிகமாகப் பயன்படுத்தியதாகப் பத்திரிகையில் படித்திருந்தார். அப்படியென்றால் சைக்கிள்காரர்கள் இரண்டு பேரையும் மிஞ்சியவர்கள் அல்லவா?

வாதத்தைப் பேசித் தீர்க்க முடியாது, செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய மூன்று பந்தயங்கள் ஏற்கெனவே அந்தத் தீவில் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. வைக்கிக்கி கடல் நீச்சல் 2.4 மைல். ஹொனலுலு மாரத்தான் 26.2 மைல். தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம் 115 மைல். கடைசியாகச் சொன்னதை வழக்கமாக இரண்டு நாளில் ஓட்டுவார்கள். வாதம் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அதில் கலந்துகொண்டது கிடையாது!

காலின்ஸின் பொறியாளர் மூளை இங்கேதான் வேலை செய்தது. சைக்கிள் பாதையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, மூன்று மைலை வெட்டிவிட்டால் நீச்சல் முடிகிற கரையிலேயே சைக்கிளில் ஏறலாம், மாரத்தான் தொடங்குகிற அலோஹா கோபுரத்திலேயே இறங்கலாம். 115-இல் 3 போக 112 மைல். அதுதான் இன்றைய 180.25 கிலோமீட்டர். மேடையில் வாத்தியக்காரர்கள் இளைப்பாறிய நேரத்தில் காலின்ஸ் ஏறி மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு போட்டி நடக்கப்போகிறது, முதலில் வருபவரை அயர்ன்மேன் என்று அழைப்போம் என்று அறிவித்தார். கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது.

காலின்ஸும் ஜூடியும் சிரிப்போடு விடவில்லை. விதிகளைச் சில தாள்களில் எழுதிக் கொடுத்தார்கள். 1978 பிப்ரவரி 18 காலையில் வைக்கிக்கிக் கடற்கரையில் 15 ஆண்கள் வந்து நின்றார்கள். வழியில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது, சாலையை யாரும் அடைத்து வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் சாப்பாட்டையும் தண்ணீரையும், பின்னால் காரில் வரும் உதவியாளரையும் தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஓட்டம் தொடங்கியபோது ஜான் டன்பார் என்பவர் முன்னிலையில் இருந்தார். அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. கையில் இருந்த பீரை நீட்டினார்கள். அதைக் குடித்து ஓடிய டன்பாரை கார்டன் ஹாலர் முந்தினார். ஹாலர் கடற்படையில் இருந்தவர், டாக்சியும் ஓட்டியவர், நல்ல மாரத்தான் ஓட்டக்காரர். 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்தார். 15 பேரில் 12 பேர் எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசி ஆளுக்கு 21 மணி நேரம் ஆனது. காலின்ஸும் முடித்தவர்களில் ஒருவர். பரிசாகக் கிடைத்தது, உலோகக் குழாய்களை வளைத்துத் தலைக்கு ஒரு நட்டை வைத்து காலின்ஸே செய்த பொம்மை.

அடுத்த ஆண்டு ஏறக்குறைய 50 பேர் வருவதாக இருந்தது. புயல் காற்று அடித்துப் போட்டி ஒரு நாள் தள்ளிப்போக, கடலில் இறங்கியது 15 பேர். வென்றவர் சான் டியேகோவில் மதுக்கடை நடத்திய டாம் வாரன். ஐந்தாவதாக வந்தவர் சைக்கிள் வீராங்கனை லின் லெமேர், அயர்ன்மேனை முடித்த முதல் பெண். இதைவிடப் பெரிய விஷயம், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் பேரி மெக்டெர்மட் அப்போது ஹவாயில் இருந்தார். கோல்ஃப் போட்டியைப் பற்றி எழுத வந்தவர், இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டுப் பல பக்கக் கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்கள் காலின்ஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1980-இல் 108 பேர் வந்தார்கள், ஏபிசி தொலைக்காட்சியின் கேமராவும் வந்தது. வென்றவர் நீச்சல் பயிற்சியாளர் டேவ் ஸ்காட். முந்தைய நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைக் குறைத்து 9 மணி 24 நிமிடத்தில் முடித்தார்.

காலின்ஸுக்கு மறுபடியும் பணி மாற்றம். போட்டியை ஹொனலுலுவில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய தம்பதியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் வேலரி சில்க்தான் பிறகு பத்தாண்டு காலம் இதைத் தூக்கிச் சுமந்தவர். காலின்ஸ் தம்பதி பணம் கேட்கவில்லை. சாதாரண ஆட்களுக்கு இந்தப் போட்டியில் எப்போதும் இடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் வைத்தார்கள்.

ஹொனலுலு டிராஃபிக்கில் நூற்றுக்கணக்கான சைக்கிள்களை விடுவது ஆபத்து என்று சில்க் 1981-இல் போட்டியைப் ஹவாயின் 'பெரிய தீவு' எனப்படும் தீவின் கோனாவுக்கு மாற்றினார். கறுத்து இறுகிய எரிமலைக் குழம்பின் நடுவே போகும் நெடுஞ்சாலை, நிழலுக்கு ஒரு மரம் இல்லை, பக்கவாட்டில் சைக்கிளையே தள்ளும் காற்று. 115-இல் மூன்றைக் கழிக்க வைத்த சாலையும் அலோஹா கோபுரமும் வேறொரு தீவில் நின்றுபோயின. ஆனாலும் 112 மைல் கூடவே வந்தது. அன்றிலிருந்து எந்த நாட்டில் போட்டி வைத்தாலும், ஒவாஹுவின் கரையைத் தங்கள் ஊர்ச் சாலையில் அளந்து போடுகிறார்கள்.

எல்லாம் தொடங்கக் காரணமான கேள்விக்கு விடை கிடைத்ததா? முதல் ஆண்டு வென்றவர் ஓட்டக்காரர். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நீச்சல்காரர்கள். 1981-இல் வென்ற ஜான் ஹோவர்ட் ஒலிம்பிக் சைக்கிள் வீரர். நான்கு ஆண்டில் மூன்று கட்சியும் ஜெயித்துவிட்டது. வாதம் அப்படியே அடங்கிப்போய், 'யார் பெரியவர்' என்பதற்குப் பதிலாக 'என்னால் முடிக்க முடியுமா' என்பதே கேள்வி ஆனது.

அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்பதை உலகுக்குக் காட்டியவர் ஜூலி மாஸ். 1982 பிப்ரவரி. 23 வயதுக் கல்லூரி மாணவி, உடற்பயிற்சி பற்றிய தன் ஆய்வுக்காகப் போட்டியில் சேர்ந்தவர், பெண்களில் முன்னிலையில் இருந்தார். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால்கள் மடிந்தன. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். இன்னும் சில கஜம் இருக்கையில் மொத்தமாகச் சரிந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். மாஸ் கையை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே 29 விநாடி. டிவியில் பார்த்தவர்கள் மனதில் பதிந்தது இரண்டாவதாக வந்தவரின் முகம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கினேன் என்று சொல்பவர்கள் ஏராளம்.

பரிசுப் பணம் வந்தது 1986-இல்தான். அதுவரை வென்றவரும் கடைசியில் வந்தவரும் ஒரே ஜாதி, கைக்காசைச் செலவழித்து வந்தவர்கள். பிறகு பணம் பெருகியது. 1990-இல் சில்க் போட்டியை விற்றார். 2015-இல் ஒரு சீன நிறுவனம் 65 கோடி டாலருக்கு வாங்கியது. பாதித் தூரப் போட்டிகள் பெருகி 2018-இல் கொழும்புக்கும் 2019-இல் கோவாவுக்கும் வந்தன. சாதாரண ஆட்களுக்கான ஒதுக்கீடு குலுக்கல் முறையில் ரொம்ப நாள் நடந்தது. குலுக்கலில் பெயர் போடவே கட்டணம் வாங்கியது சட்டவிரோத லாட்டரிக்குச் சமம் என்று அமெரிக்க நீதித்துறை சொல்ல, 2015-இல் 27 லட்சம் டாலருக்கு மேல் கட்டிவிட்டு அந்த முறையை நிறுத்தினார்கள். இன்று கோனாவுக்குப் போக நினைக்கும் அமெச்சூர், பெரும்பாலும் வேறொரு அயர்ன்மேனில் திறமை காட்டித்தான் இடம் பிடிக்க வேண்டும்.

காலின்ஸின் நிபந்தனை அப்படியானால் செத்துவிட்டதா? இல்லை, அது இன்னொரு விதியில் உயிரோடு இருக்கிறது. 1983 முதல் கோனாவில் காலக்கெடு 17 மணி நேரம். ஜப்பானின் ஹிரோமு இனாடா ஓய்வு பெற்ற பிறகு நீச்சல் பழகி, 70 வயதில் டிரையத்லானுக்கு வந்தவர். 2015-இல் கோனாவில் சில விநாடி தாமதத்தில் கெடுவைத் தவறவிட்டார். திரும்பி வந்து 2018-இல், 85 வயதில், 16 மணி 53 நிமிடத்தில் முடித்தார். வென்றவர் அவருக்கு எட்டு மணி நேரத்துக்கும் முன்பே முடித்துவிட்டிருந்தார். ஆனாலும் அறிவிப்பாளர் இருவரையும் அழைத்தது ஒரே பட்டத்தால்தான், கழுத்தில் விழுந்ததும் ஒரே பதக்கம்தான்.

போட்டி நடத்துபவர்கள் கடிகாரத்தைப் பத்து மணி நேரத்தில் நிறுத்தியிருந்தால் சாலையைச் சீக்கிரம் திறந்துவிடலாம், தன்னார்வலர்களை வீட்டுக்கு அனுப்பலாம், செலவும் மிச்சம். இது சில நூறு தொழில்முறை வீரர்களின் விளையாட்டாகச் சுருங்கியிருக்கும். நள்ளிரவு வரை எல்லைக் கோட்டைத் திறந்து வைத்தார்களே, அந்தப் பிந்தைய ஏழு மணி நேரத்தில்தான் அயர்ன்மேன் ஊர் ஊராகப் பரவியது.