தீப்புண்ணும் தேனும் – சுஸ்ருதர் முதல் சோலாப்பூர் வரை

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு, 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். எனக்கு அதோடு எங்கள் அப்பத்தாவின் அடுப்படியும் நினைவுக்கு வரும். ஏழு வயதில் கொதிக்கிற கஞ்சி என் கையில் கொட்டியபோது, "தண்ணி ஊத்தாதீக, கொப்புளம் போட்டுரும்" என்று அப்பத்தா தடுத்தார். பேனா மையை ஊற்றினார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடினேன். சுஸ்ருத சம்ஹிதை, சூத்திர ஸ்தானம், 12-ஆம் அத்தியாயத்தில் போய் நின்றது. தீப்புண்ணை நான்காகப் பிரிக்கிறது அந்நூல். நிறம் மாறி எரிவது பிலுஷ்டம். கொப்புளம் போடுவது துர்தக்தம். பனம்பழ நிறத்தில், ஆழமில்லாமல் வெந்தது சம்யக்தக்தம். சதை, நரம்பு, எலும்பு வரை போனது அதிதக்தம். இன்றைய டாக்டர்களும் ஆழத்தை வைத்துத்தானே பிரிக்கிறார்கள்! அதிதக்தத்துக்குச் செத்த சதையை நீக்கி, குளிர்ச்சியான மருந்து போட்டு, சீந்தில் இலையால் மூடச் சொல்கிறது.

ஆனால் முதல் வகைக்குச் சூடுதான் வைத்தியம், குளிர்ந்த நீர் ரத்தத்தை உறையச் செய்யும் என்கிறது. அப்பத்தாவின் சொல்லுக்கு வேர் இதுதானோ என்னவோ! இங்கேதான் என் இன்ஜினீயர் புத்தி குறுக்கே வந்தது. அடுப்பை அணைத்த பிறகும் இட்லிக் கொப்பரை சுடுகிறதல்லவா? தோலில் ஏறிய சூடும் அப்படித்தான், உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டச் சொல்கிறது இன்றைய மருத்துவம்.

பழசெல்லாம் தப்பு என்றும் சொல்ல முடியாது. புண்ணுக்குத் தேனும் நெய்யும் என்பது ஆயுர்வேதத்தின் பழைய முறை. சோலாப்பூர் டாக்டர் எம். சுப்ரமணியம் ஆழமில்லாத தீப்புண் பட்ட 104 பேரிடம் தேனைச் சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டார். தேன் கட்டியவர்களில் 91 சதவீதம் பேருக்கு ஏழு நாளில் புண்ணில் கிருமி இல்லை. வெள்ளி மருந்து போட்டவர்களில் 7 சதவீதம்தான். சோதித்துப் பார்த்ததால் தேன் நின்றது. பேனா மையை யாரும் சோதிக்கவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடுகிற மாவட்டம் நம்முடையது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். ஆகவே தம்பி தங்கைகளே, வீட்டில் சொல்லிவையுங்கள்: முதலில் தண்ணீர், மை, பற்பசை, மாவு வேண்டாம், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தேனோ நெய்யோ, அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அப்பத்தா இன்றிருந்தால் அவரும் குடத்தைத்தான் முதலில் தூக்குவார்.