யார் முதுகுக்குப் பின்னே?

ஜப்பானிய வீட்டின் விருந்தறையில் மதிப்புக்குரிய விருந்தாளிக்கு ஓர் இடம் உண்டு. டோக்கோனோமா என்ற அலங்கார மாடத்துக்கு நேர் முன்னால், அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார வேண்டும். சுவரில் உள்வாங்கி, தரையைச் சற்றே உயர்த்திக் கட்டிய மாடம் அது. உள்ளே ஒரு தொங்கு ஓவியம், கீழே ஒரு பூச்சாடி. விருந்தாளிக்காகத்தான் இந்த அலங்காரமெல்லாம். ஆனால் அவர் கண்ணில்தான் அது படாது. இந்த விசித்திரம் எப்படி வந்தது?

தொடக்கத்தில் யாரும் அதற்கு முதுகு காட்டவில்லை. பௌத்தத் துறவிகள் தங்கள் அறைச் சுவரில் புத்தர் படத்தையோ மகான்களின் படத்தையோ தொங்கவிடுவார்கள். அதன் முன் ஒரு தாழ்ந்த மேசையில் தூபக்கால், மெழுகுவர்த்தித் தண்டு, பூச்சாடி மூன்றும் இருக்கும். 1351இல் தீட்டப்பட்ட ‘போகி எகோதொபா’ என்ற ஓவியச் சுருளில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். அந்த மேசைதான் நாளடைவில் சுவரோடு பொருத்திய தடித்த பலகையாக மாறியது என்பது கட்டடக்கலை வரலாற்றாளர்கள் பலரின் கருத்து.

பிறகு அது ஆட்சியாளர் கைக்குப் போனது. ஆஷிகாகா ஷோகுன்களுக்குச் சீனப் பொருள்கள் என்றால் உயிர். சோங் காலத்துத் துறவி மூச்சியின் ஓவியங்கள், பச்சைநிறப் பீங்கான், அரக்குப் பெட்டிகள் என்று கப்பலில் வந்தவற்றையெல்லாம் சேர்த்தார்கள். எதை எங்கே தொங்கவிடுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று நோஆமி, சோஆமி போன்ற ஆலோசகர்கள் கையேடே எழுதினார்கள். தூபக்காலும் பூச்சாடியும் அப்படியே இருந்தன. வழிபாடு மட்டும் மெல்ல நழுவிவிட்டது.

கியோட்டோவின் நிஜோ கோட்டையில்தான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. பெரிய கூடத்தில் சற்றே உயர்த்திய தரையில் ஷோகுன் அமர்வார். அவருக்குப் பின்னால் அகன்ற மாடம், அதன் சுவரில் 1626 வாக்கில் கானோ மரபு ஓவியர்கள் தீட்டிய பெரிய பைன் மரம். தாழ்ந்த தரையில் குனிந்திருக்கும் பிரபுக்களின் பார்வையில் மரமும் மனிதரும் ஒரே படமாகிவிடுவார்கள். மாடம் ஒரு சட்டம். அதற்குள் வைத்த காட்சிப் பொருள் ஷோகுன்தான். சாதாரண வீட்டில் விருந்தாளிக்குக் கொடுப்பதும் அதே இருக்கைதான், சிறிய அளவில்.

அந்த ஓவியத்துக்குச் சில பத்தாண்டுகள் முன்பே இந்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டவர் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யு. கியோட்டோவுக்குத் தெற்கே யமசாகியில் அவருடையது என்று கருதப்படும் ‘தாய்ஆன்’ தேநீரறை இன்றும் நிற்கிறது. 1582 வாக்கில் கட்டியது, இரண்டே பாய் பரப்பு. விருந்தாளி, எவ்வளவு பெரிய பிரபுவானாலும், சின்னத் திறப்பு வழியே தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நுழைந்ததும் எதிரே மாடம். முதலில் அதைத்தான் வணங்க வேண்டும். சுமார் நான்கடி அகல மாடத்தின் மூலைத் தூண்களையும் மறைத்து, மேற்கூரை வரை வைக்கோல் கலந்த மண்ணைப் பூசியிருக்கிறார். பொன் தேநீரறை கட்டிக்கொண்ட அன்றைய ஆட்சியாளர் ஹிதேயோஷி, ரிக்யுவின் தோட்டத்துக் காலைமலர்களைப் பார்க்க ஆசையாக வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. எல்லாவற்றையும் பறித்துவிட்டு, மாடத்தில் ஒன்றே ஒன்றை வைத்திருந்தாராம் ரிக்யு. நடந்ததோ இல்லையோ, கதை அவரைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 1591இல் அதே ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யு தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். காரணம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

ஷோகுன் ஆட்சியின் கடைசிக் கட்டமான எடோ காலத்தில் பல பகுதிகளில் உழவர்கள் மாடம் கட்டத் தடை இருந்தது. 1868க்குப் பிறகு தடை போனதும், ஊரார் ஆசை தீரக் கட்டினார்கள். மாடத்தின் ஓரத்தில் நிற்கும் தூணுக்குத்தான் அதிகச் செலவு. கியோட்டோவின் கிதயாமா மலைகளில் வளர்த்து, பட்டை உரித்து, மணல் தேய்த்து மெருகேற்றிய தேவதாரு ஒரு வகை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளையும் கருங்காலியும் இந்தத் தூணுக்கு உகந்த மரமாகக் கருதப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாடத்துக்கு எதிர்ப்பு வந்தது. கட்டடக் கலைஞர் ஹமகுச்சி மிஹோ 1949இல் ஜப்பானிய வீட்டின் நிலப்பிரபுத்துவத்தைச் சாடி ஒரு நூல் எழுதினார். அவர் தாக்கியவற்றில் டோக்கோனோமாவும் ஒன்று. என்றைக்கோ வரும் விருந்தாளிக்கு வெளிச்சமான அறை, அன்றாடம் உழைக்கும் பெண்ணுக்கு இருண்ட சமையலறை என்ற வீட்டமைப்பில் அந்தக் கோபம் நியாயமே. 1951இல் வகுத்த அரசுக் குடியிருப்பு வரைபடம் ஒன்றில் மொத்த வீடே ஏறக்குறைய 35 சதுர மீட்டர். அதில் மாடத்துக்கு ஏது இடம்? மாடம் தப்பிய வீடுகளிலும் பின்னாளில் அதற்குள் தொலைக்காட்சி ஏறிக்கொண்டது. குடும்பம் மீண்டும் அதை நோக்கி உட்கார்ந்தது என்பதை மறுக்க முடியாதுதான்.

ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யமசாகி ரயில் நிலையத்தை ஒட்டியே தாய்ஆன் இருக்கும் கோயில். முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் பார்க்க முடியும். அதுவும் வெளியே நின்று. அனுமதி கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். பக்கத்திலேயே ஓயமசாகி ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த அறையை முழு அளவில் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள்.