இணையச் செய்தித்தாள் சந்தா

இணையச் செய்தித்தாள் சந்தா: செய்தித்தாள் ஒன்று தன் இணையப் பதிப்பைப் படிப்பதற்கு வாசகரிடமிருந்து மாதக் கணக்கிலோ வருஷக் கணக்கிலோ கட்டணம் பெறும் முறை. அச்சுப் பிரதிக்கு விலை கொடுப்பது பத்திரிகைத் தொழிலோடு உடன்பிறந்த வழக்கமே. எனினும் இணையத்தில் செய்தி இலவசமாகக் கிடைக்கத் தொடங்கி, வாசகர்கள் அதற்கு நெடுநாள் பழகிவிட்ட பின்னர், மீண்டும் அதற்கு விலை வைக்க முற்பட்டதனால் இம்முறை தனியே ஆராயத்தக்கதாயிற்று. ஒரு பிரதியைப் பலர் கூடிப் படிக்கும் வழக்கம் வேரூன்றிய தமிழ்நாட்டில், குறிப்பாகத் திண்டுக்கல் போன்ற நடுத்தர நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும், ஆளுக்கொரு சந்தா என்னும் இந்த ஏற்பாடு மேல்நாட்டு நகரங்களில் தோன்றாத சில பிரச்சினைகளை எழுப்புகின்றது.

வகைகள்

பணம் செலுத்தாதவர் தலைப்புக்கு மேல் ஒன்றும் படிக்கவியலாதபடி அடைத்துவிடுவது முழுக் கட்டண முறை. மாதத்திற்கு இத்தனை கட்டுரை என்று இலவசமாகப் படிக்கவிட்டு, அவ்வெல்லையைத் தாண்டியதும் சந்தா கேட்பது அளவு முறை. அன்றாடச் செய்தியைத் திறந்து வைத்து, அரசியல் ஆய்வு, தொடர், நேர்காணல் முதலியவற்றை மட்டும் சந்தாதாரருக்கென ஒதுக்குவது பகுதி முறை. அச்சுப் பக்கத்தை உருமாறாமல் திரையில் காட்டும் இ-பேப்பருக்கு மட்டும் விலை வைப்பது இந்தியாவில் பரவலாகக் காணப்படுகின்றது. அடைப்பு எதுவுமின்றி, விரும்பியவர் விரும்பியதைத் தருக என்று கேட்பது நன்கொடை முறை. அளவு முறையில், வாசகர் திறந்த கட்டுரைகளின் எண்ணிக்கையை அவருடைய உலாவியில் சேமிக்கப்படும் குக்கீ என்னும் சிறு குறிப்பைக் கொண்டே முதலில் கணக்கிட்டனர். அதை அழித்துவிட்டால் கணக்கும் அழிந்துபோகும் என்பதை வாசகர்கள் கண்டுகொண்டமையால், பல பத்திரிகைகள் பின்னர்ப் பெயரைப் பதிவு செய்து உட்புகுமாறு வற்புறுத்தலாயின.

விலையும் விளம்பரமும்

இந்திய நாளிதழின் விலை அதன் உற்பத்திச் செலவிற் குறைந்ததாகவே இருந்து வருவதும், காகிதம், அச்சு, ஊதியம், ஏஜென்ட் கழிவு ஆகியவற்றின் பெரும்பகுதியை விளம்பர வருமானமே சுமந்து வருவதும், இணையச் சந்தாவின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாத விஷயங்களாகும். பெரிய பத்திரிகைகள் விலையைக் குறைத்துச் சிறிய பத்திரிகைகளை நசுக்கிவிடும் என்ற அச்சத்தால், பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வைக்கவேண்டும் என்று 1956ஆம் வருஷச் சட்டமும் அதன்கீழ் 1960இல் பிறந்த ஆணையும் விதித்தன; பேச்சுச் சுதந்திரத்திற்கு அது முரணானது என்று சகாள் பத்திரிகை வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டமையால், விலையை எவ்வளவு வேண்டுமானாலும் தாழ்த்தும் உரிமை வெளியீட்டாளரிடமே நிலைத்தது. 2005இல் சன் குழுமத்தின் கைக்கு வந்த தினகரன் ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டது, தமிழ்நாட்டில் அவ்வுரிமை பிரயோகிக்கப்பட்டதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இவ்வாறு செய்தியின் விலை மிகச் சொற்பம் என்று அச்சுலகமே வாசகர்க்குக் கற்பித்துவிட்ட பின்னரே இணையம் வந்தது. ஆகவே, செய்தியை இலவசமாக்கியது இணையமே என்னும் பொதுவான குற்றச்சாட்டு பாதியளவே உண்மையுடையது. விளம்பரப் பணத்தின் பெரும்பங்கைக் கூகுளும் பேஸ்புக்கும் ஈர்த்துக்கொண்டபோதுதான், வாசகர் தரும் பணத்தைப் பத்திரிகைகள் இரண்டாம் முறையாக நினைக்கலாயின.

அயல்நாட்டு அனுபவம்

1996இல் இணையத்தில் தோன்றிய வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மறுவருஷமே கட்டணம் விதித்து வெற்றி கண்டது. வணிகச் செய்தியால் வாசகருக்குப் பொருள் வரவு உண்டென்பதும், பலருக்கு அச்சந்தாவை அவர்கள் பணிபுரியும் நிறுவனமே செலுத்தியதும் அவ்வெற்றியின் காரணங்கள். பொதுச் செய்தி தரும் நியூயார்க் டைம்ஸ், 2005 செப்டம்பரில் தன் பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகளை மட்டும் அடைத்துவைத்துப் பார்த்து, தேடுபொறி வழியாக வரும் வாசகர்களை இழப்பதை உணர்ந்து 2007இல் அவ்வடைப்பை நீக்கியது. பின்னர் 2011 மார்ச்சில் மாதம் 20 கட்டுரை இலவசம் என்ற அளவு முறையைக் கைக்கொண்டு, அவ்வெல்லையை 2012இல் 10 ஆகவும், 2017இல் 5 ஆகவும் சுருக்கியது. லண்டன் டைம்ஸ் 2010இல் முழு அடைப்பை ஏற்றது. அதே குழுமத்தின் சன் பத்திரிகையோ 2013இல் எழுப்பிய அடைப்பை 2015இல் தகர்த்துவிட்டது. கார்டியன் எல்லோரும் படிக்க விட்டு, வாசகரின் விருப்பக் கொடையை நாடியது. ஸ்லோவாக்கியாவில் 2011இல் பல பத்திரிகைகள் ஒன்றுசேர்ந்து ஒரே சந்தாவில் அனைத்தையும் படிக்க வழிசெய்தன. எங்கும் கிடைக்கும் செய்திக்கு எவரும் பணம் தருவதில்லை, வேறிடத்தில் கிடைக்காத எழுத்துக்கே தருவர் என்பது இவ்வனுபவங்களின் திரண்ட சாரம்.

இந்தியாவில்

1878இல் சென்னையில் தோன்றிய தி ஹிந்து, 1995இல் இணையப் பதிப்பைத் தொடங்கி இந்திய நாளிதழ்களுள் முன்னோடியாயிற்று. பல்லாண்டு இலவசமாகத் தந்துவந்த அப்பதிப்பிற்குப் பிற்காலத்தில் சந்தா முறையை அதுவும் ஏற்றுக்கொண்டது. பெங்களூரில் 2016இல் பிறந்த தி கென், விளம்பரத்தை நாடாமல் சந்தாவையே நம்பிய வணிகச் செய்தி வெளியீடு. 2012இல் தோன்றிய நியூஸ்லாண்டரி, விளம்பரதாரரின் செல்வாக்கிலிருந்து செய்தி விடுபடவேண்டுமாயின் வாசகரே பணம் தரவேண்டும் என்ற வாதத்தை முன்வைத்தது. 2016இல் யுபிஐ முறை அறிமுகமானதும், அதே வருஷம் கைப்பேசி இணையக் கட்டணம் பெருவீழ்ச்சியுற்றதும் சிறு தொகைகளைச் செலுத்துவதை எளிதாக்கின.

தமிழ்ப் பத்திரிகைகள்

தமிழில் இம்முறைக்கு வழிகாட்டியவை நாளிதழ்கள் அல்ல, வார இதழ்களே. 1926இல் தோன்றிய ஆனந்த விகடனின் நிறுவனம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தன் இதழ்களை இணையத்தில் சந்தாவுக்கு அளித்தது. அஞ்சலில் இதழ் வந்து சேர்வதற்குள் அடுத்த இதழும் வெளிவந்துவிடும் நிலையில் இருந்த வெளிநாட்டுத் தமிழர்க்கு இவ்வேற்பாடு பெரிதும் பயன்பட்டது. தபால் செலவோடு ஒப்பிடுங்கால் சந்தா அவர்களுக்குச் சகாயமாகவே இருந்தது. நாளிதழ்களின் நிலை வேறு. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, 1951இல் திருவனந்தபுரத்தில் டி. வி. இராமசுப்பையர் நிறுவிய தினமலர், 1934இல் தோன்றிய தினமணி ஆகியவற்றின் அன்றாடச் செய்திகள் கைப்பேசியில் யாவர்க்கும் கிடைத்து வந்துள்ளன. ஒரே செய்தியைப் பல தளங்களும் தொலைக்காட்சிகளும் அதே நாழிகையில் தரும்போது, ஒருவர் மட்டும் அடைத்தால் வாசகர் அடுத்த வாசலுக்குச் செல்வது இயல்பே. 2021இல் பத்திரிகையாளர் சமஸ் தொடங்கிய அருஞ்சொல், கட்டுரைகளை அடைக்காமல் வாசகரின் ஆதரவுத் தொகையை வேண்டியது.

திண்டுக்கல் வட்டாரம்

வாசகரின் பணத்தை மட்டும் நம்பிப் பத்திரிகை நடத்தும் சோதனைக்கும் திண்டுக்கல் சமவெளிக்கும் பழைய தொடர்புண்டு. சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடைப்பட்ட வத்தலக்குண்டு, விவேக சிந்தாமணி மாத இதழில் 1893 முதல் தொடராக வெளிவந்த கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய பி. ஆர். ராஜமையரையும், மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்திய பி. எஸ். ராமையாவையும் தந்த ஊர். 1959 முதல் 1970 வரை எழுத்து என்னும் சிற்றிதழை நடத்திய சி. சு. செல்லப்பாவும் அவ்வூரோடு பிணைந்தவரே. விளம்பரத்தைத் தேடாமலும் வெகுஜன ருசிக்கு இணங்காமலும், ஒரு சிறு வாசகக் கூட்டத்தின் சந்தாவையும் தம் கைப்பொருளையும் கொண்டு அவ்விதழை நடத்தி, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்ற செல்லப்பாவின் அனுபவம் இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது: தேர்ந்த எழுத்துக்குப் பணம் தரும் வாசகர் தமிழில் உண்டு, ஆனால் நடத்துபவரின் கைம்முதலைக் காப்பாற்றும் அளவுக்கு அவர்களின் தொகை பெருகுவது அரிது.

1985 செப்டம்பரில் மதுரை ஜில்லாவினின்றும் பிரிந்து தனி மாவட்டமான திண்டுக்கல்லின் நாளிதழ் வாசகர், தலைநகரச் செய்தியைக் காட்டிலும் மாவட்டப் பக்கத்தையே முதலில் புரட்டுபவர். மின்தடை அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டைப் பூச்சந்தை, நகரின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள், சின்னாளபட்டிச் சேலை நெசவு ஆகியவை பற்றிய தகவல்கள் வேறெந்தப் பெரிய தளத்திலும் கிடைப்பதில்லை. வேறிடத்தில் கிடைக்காததற்கே வாசகர் விலை தருவர் என்னும் விதிப்படி நோக்கின், சந்தாவுக்கு உரிய பொருள் இம்மாவட்டப் பக்கமே. ஆயினும் விலைப்பட்டியலை வியாபாரிகள் மறுநாட் காலைப் பத்திரிகைக்குக் காத்திராமல் வாட்ஸ்அப் குழுக்களில் அறிந்துகொள்வதால், அப்பக்கத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே பத்திரிகையின் கையைவிட்டு நழுவிவிட்டது.

இதனினும் முக்கியமானது படிக்கும் முறை. டீக்கடைக்காரர் வாங்கும் ஒரு பேப்பர் காலை முதல் உச்சிவேளை வரை தாள்தாளாகப் பிரிந்து பலர் கைகளில் உலவுகின்றது. முடிதிருத்தும் நிலையத்திலும், கட்சிகளும் மன்றங்களும் நடத்தும் படிப்பகத்திலும், கிளை நூலகத்திலும் அவ்வாறே. அங்கே விலை தருவது இடம், படிப்பவர் ஊரார். இணையச் சந்தாவோ ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், ஒரு கடவுச்சொல் என்று தனி மனிதரைப் பற்றி நிற்பது. காசு கொடாமலே நெடுங்காலம் நாள்தோறும் பத்திரிகை படித்த ஒருவர், சந்தா கேட்கும் திரையின்முன் முதன்முறையாக வெளியே நிறுத்தப்படுகின்றார்.

சட்டமும் நடைமுறையும்

ஒரு பிரதியைப் பலர் படிக்கும் வழக்கமே இணையத்தில் வேறு வடிவம் கொண்டது எனலாம். 2020இல் நோய்த்தொற்று ஊரடங்கின்போது இ-பேப்பர்களின் பி.டி.எஃப். கோப்புகள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நாடெங்கும் பரவின. ஜாக்ரன் பிரகாஷன் நிறுவனம் தொடுத்த வழக்கில் அவ்வருஷம் மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், அத்தகைய டெலிகிராம் சேனல்களை அகற்றுமாறு ஆணையிட்டது. பகிர்வோர் அதைத் திருட்டென்று எண்ணவில்லை. டீக்கடை மேசைமேல் பேப்பரை விட்டுச் செல்வதாகவே எண்ணினர். ஆனால் மேசைமேல் விட்ட தாள் ஒன்றே; கோப்போ இலட்சம் பிரதியாகப் பெருகவல்லது என்பதில் பதிப்பாளரின் முறையீடு நியாயமுடையதே.

அச்சு நாளிதழுக்குச் சரக்கு சேவை வரி இல்லாதிருக்க, அதே செய்தியின் இணையச் சந்தாவுக்கு 18 விழுக்காடு வரி உண்டு. தானாகப் புதுப்பிக்கும் கட்டணங்களுக்கு வாடிக்கையாளரின் முன்னிசைவு வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்திய விதி, வாசகரை அறியாத செலவினின்றும் காத்ததாயினும், சந்தாக்கள் இடையில் அறுந்துபோவதற்கும் காரணமாயிற்று.

மதிப்பீடு

சந்தா முறை விளம்பரதாரரின் தயவைக் குறைக்கும் என்பது அதன் ஆதரவாளரின் அபிப்பிராயம். ஆய்ந்தெழுதிய செய்தி வசதியுள்ளவர்க்கும், வதந்தி ஏனையோர்க்கும் என்ற பிரிவினையை அது வளர்க்கும் என்பது எதிர்ப்பாளரின் அபிப்பிராயம். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். தனி மனிதரிடம் பெறுவதைப்போலவே இடத்தினிடமும் சந்தாவைப் பெறுவது இம்முரணைத் தணிக்கும் ஒரு வழி. அதற்கான அடிப்படை தமிழ்நாட்டில் புதிதாக இடவேண்டியதில்லை: சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியோடு சேர்த்து நூலகவரியை ஊரார் செலுத்தியே வருகின்றனர். உயர்கல்வித் துறையில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குப் பொதுவாகப் பெறும் திட்டத்திற்கு 2024 நவம்பரில் மத்திய அரசு இசைவளித்தது. நாளிதழ்கள் அத்திட்டத்தில் அடங்கா. பத்திரிகைகள் கிளை நூலகத்திற்கும் படிப்பகத்திற்கும் பொதுச் சந்தா அளிக்க முன்வருமாயின், திண்டுக்கல் வாசகருக்கு அது புதிய ஏற்பாடாகத் தோன்றாது. அவர் இதுகாறும் பத்திரிகை படித்துவந்தது அம்முறையில்தான்.