திருகோணமலைக் களம் (அறுகோண உலாவல் ஆட்டம்)

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களில் ஒரு வகை, நிலப்படத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகத் தேடித் திரிவது. ஹெக்ஸ்கிரால் என்று அதற்குப் பெயர். நடத்துநரிடம் முழுப்படம் இருக்கும்; ஆடுவோரிடம் வெறுங்கட்டத் தாள் மட்டும். அவர்கள் போன வழிதான் அதில் நிரம்பும். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டாகப் போனால் தூரம் ஏறத்தாழ 1.41 மடங்காகிறது, அறுகோணத்தில் ஆறு அயல் கட்டங்களும் நடுவிலிருந்து ஒரே தூரம். கணக்கு எளிதாவதால் உணவு, தண்ணீர், வழி தவறுதல், எதிர்ப்படுவோர் எல்லாவற்றையும் பகடையால் தீர்க்க முடிகிறது.

1961இல் அவலோன் ஹில் நிறுவனத்தின் போர் ஆட்டங்கள் அறுகோணப் பலகைக்கு வந்தன. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், காட்டுவழிப் பயணத்துக்கு அந்நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் பலகையையே எடுத்துக்கொள்ளச் சொன்னது. 1981இல் வந்த ஐல் ஆஃப் டிரெட் இவ்வகை ஆட்டத்தைப் பரவலாக்கியது. ஒரு கட்டம் 6 மைல், அதாவது ஏறத்தாழ 9.7 கிலோமீற்றர் என்ற அளவும் நிலைத்தது.

அந்த அளவில் கட்டமிட்டுப் பார்த்தால், திருகோணமலைத் துறைமுகமும் சுற்றுப்புறமும் ஒரு முழுப் புனைவுலகுக்கான பொருளைத் தம்மிடமே வைத்திருப்பது தெரியும். இங்கே தொன்மங்கள் ஆகாயத்தில் மிதப்பவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாறை, ஒரு குளம், ஓர் ஆற்றங்கரை உண்டு. கோணேசர் மலையின் செங்குத்துப் பிளவு இராவணன் வெட்டு. நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றரில், அடுத்த கட்டத்திலேயே, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தோண்டியவை என்பது ஐதிகம். ஒரே பாத்திரத்தின் கதை இரண்டு இடங்களில் பிரிந்து கிடப்பதால், ஓரிடத்தைக் கண்டவர் மற்றதைத் தேடிப் போகக் காரணம் கிடைக்கிறது. உலாவல் ஆட்டத்துக்கு உயிரே அதுதான்.

இதைவிட வளமானது குளக்கோட்டன் தடம். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னனாகக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவனைப் போற்றுகிறது. கந்தளாய்க் குளத்தையும் மரபு அவனுக்கே தருகிறது. அதைக் கட்டியதில் பூதங்களின் கையும் இருந்ததாக ஊர்க்கதை. குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்கிறது. அங்கே ஆதிகோணேசர் கோயில் நிற்கிறது. நீரோட்டத்தைப் பின்பற்றியே ஒரு பயணத்தை நடத்திவிடலாம். ஊருக்குள் யாரோடு பேசுவது, யாரிடம் அனுமதி கேட்பது என்பதற்கும் அந்நூலில் விடை உண்டு: மேற்பார்வைத் தலைவரான வன்னிபம், கோயில் நிர்வாகம் பார்க்கும் தானத்தார், கோயில் தொண்டு செய்யும் வரிப்பத்தார் என்று பொறுப்புகள் அதில் வகுக்கப்பட்டுள்ளன. அச்சிட்ட புனைவுலகுகள் பலவற்றில் வரும் குழுக்களைவிட இவை நம்பத்தக்கவை. உரிமையும் கடமையும் உள்ளவர்கள்தானே ஒருவரோடொருவர் முரண்படவும் முடியும்.

ஆட்டக் காலத்துக்கு 1660 மிகப் பொருத்தம். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே மலையடியில் கோட்டை கட்டிவிட்டனர். ஒல்லாந்தர் 1639இல் அதைப் பிடித்தனர். 1660இல் கொட்டியாரக்குடாவில், புயலில் பாய்மரம் முறிந்து ஒதுங்கியிருந்த ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் வீரர்கள் மூதூர்ப் பக்கத்தில் சிறைப்பிடித்தனர். அவர்களில் ஒருவர் றொபேட் நொக்ஸ், பத்தொன்பது வயதினர். 1679 வரை அவரால் தப்ப முடியவில்லை. அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. கரையில் இறங்குகிறவனுக்கு உள்நாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இந்தக் களத்துக்குத் தேவையில்லை.

இடிந்த கோயில் கடலுக்குள்ளும் தொடர்கிறது. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் முக்குளித்துக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். ஆகவே இந்தக் களத்தில் நீருக்கடியிலும் கட்டங்கள் வேண்டும்.

நிலத்தைவிடத் தண்ணீரே இங்கு வழியைத் தீர்மானிக்கிறது. மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. நகரிலிருந்து மூதூர் கண்ணுக்கெட்டும் தொலைவுதான். தரைவழியாகப் போனால் உப்பாறுகளைச் சுற்ற வேண்டியிருந்தது. அவ்வழியிலுள்ள கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததே 2009இல். அதுவரை மக்கள் தோணியிலும் ‘பாதை’ எனப்படும் மிதவையிலும் கடந்தனர். மாரி காலத்தில் கடல் குமுறும்போது குடாவைக் கடப்பதற்கு நடத்துநர் கடினமான பகடை வைப்பது நியாயம்.

வடமேற்கில் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரை, தனிக் கட்டமாக எழுதத் தகுந்தது. சோழர் காலத்தில் இது இராஜராஜப் பெரும்பள்ளி எனப்பட்டது. பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் வெட்டிய தானக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. இன்னும் வடக்கே திரியாயில் கிரந்த எழுத்தில் வடமொழிப் பாறைக் கல்வெட்டு. தெற்கே மகாவலிக் கரையில் திருக்கரசை; அகத்தியர் வழிபட்ட தலமென்று அதற்கெனத் தனிப் புராணமே உண்டு. சமயங்களைத் தனித்தனி எதிரணிகளாக்கும் பழக்கம் இந்த ஆட்டங்களில் அதிகம். இந்த நிலத்தில் அது பொய்யாகிவிடும்.

பழைய அறுகோண ஆட்டங்களின் பெருங்குறை, காட்டை ஆளில்லாத வெற்றிடமாகவும் அங்கு வாழ்வோரைக் கொன்று தீர்க்க வேண்டிய தடையாகவும் எண்ணியது. மூதூர், வெருகல் பகுதிகளில் கடற்கரை வேடர் இன்றும் வாழ்கின்றனர். எதிர்ப்படுவோர் பட்டியலில் அவர்களை விலங்குகளோடு சேர்ப்பது அநீதி. ஆட்டத்திலும் காட்டின் பெயர்களை அறிந்தவர்கள் அவர்களே. வெறுங்கட்டத் தாளோடு வரும் குழு வழி கேட்க வேண்டியதும், கேட்டதற்கு ஈடாக அரிசியோ உப்போ கொடுக்க வேண்டியதும் அவர்களிடம்தான்.