குழந்தை நல இணையதளம் யாருக்குப் பயன்படுகிறது? பயனர் அனுபவத்தை மதிப்பிடும் முறை

குழந்தைகளின் உடல்நலம் குறித்த இணையதளங்களின் தரம் பெரும்பாலும் இரண்டு வகைகளில் அளக்கப்படுகிறது: உள்ளடக்கத்தை மருத்துவர் சரிபார்த்தாரா, எத்தனை பேர் பார்வையிட்டனர். இரண்டும் தேவையானவையே. ஆயினும், நோயுற்ற குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கைபேசியைத் திறக்கும் தாய் தமக்கு வேண்டிய விடையைக் கண்டடைந்தாரா, கண்டதைப் புரிந்துகொண்டாரா, புரிந்ததைத் தம் வீட்டில் செய்ய முடிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு இவற்றில் விடை இல்லை. அவ்விடையைத் தேடுவதே பயனர் அனுபவ மதிப்பீடு.

தலித் மக்களைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அன்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியுள்ளனர். பட்டியல் சாதிக் குழந்தைகளிடையே இது ஏறத்தாழ 39 விழுக்காடு. குஜராத், ராஜஸ்தான் மாநிலக் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு, மருந்து கொடுக்கும்போதுகூடக் கை படாமல் பார்த்துக்கொள்ளும் தீண்டாமை நிலவுவதைப் பதிவு செய்தது. இத்தகைய சூழலில், எவருடைய முகக்குறிப்பையும் எதிர்பாராமல் பெறக்கூடிய நம்பகமான மருத்துவத் தகவல் பெரும் துணை. அத்துணை உண்மையில் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

அளவுகோல்கள்

பயன்படு தன்மைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 9241-11. 1998 இல் வெளியாகி 2018 இல் திருத்தப்பட்ட இத்தரநிலை, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட நோக்கத்தை எவ்வளவு சரியாகவும், எவ்வளவு குறைந்த முயற்சியிலும், எவ்வளவு மனநிறைவோடும் அடைகின்றனர் என்று பார்க்கச் சொல்கிறது. பயனரையும் சூழலையும் வரையறுக்காமல் ஒரு தளத்தை 'எளிதானது' என்று சொல்ல இத்தரநிலை இடந்தரவில்லை.

நடைமுறையில் வேறு சில கருவிகளும் பயன்படுகின்றன. 1986 இல் ஜான் புரூக் உருவாக்கிய பயன்படு தன்மை அளவுகோல், பத்து வாசகங்களுக்குப் பயனர் அளிக்கும் விடைகளிலிருந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. 68 சராசரியாகக் கருதப்படுகிறது. சிகிச்சை குறித்த தகவலின் தரத்தை அளக்க, ஆக்ஸ்போர்டில் உருவான 'டிசர்ன்' என்ற 16 வினாக்கள் கொண்ட கருவி உள்ளது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது போன்ற அணுகல் நெறிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்துள்ளது.

யார் அந்தப் பயனர்?

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்ற யாக்கோப் நீல்சனின் கருத்து இத்துறையில் பரவலாக வழங்குகிறது. பயனர்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட குழுக்களாக இருந்தால் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்றும் அவரே கூறியிருக்கிறார். முதற்கூற்று நினைவில் நிற்கிறது, இரண்டாவது மறக்கப்படுகிறது. நகரத்துப் பட்டதாரிப் பெற்றோர் ஐவர் ஒரு தளத்தை எளிதாகப் பயன்படுத்தினர் என்பது, செங்கல் சூளையில் வேலை செய்யும் தாய்க்கும் அது எளிது என்பதற்குச் சான்று ஆகாது.

மேற்கண்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினர், ஆண்கள் 57.1 விழுக்காட்டினர். பல வீடுகளில் கைபேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. அவர்கள் வேலைக்குச் சென்றால் கைபேசியும் உடன் சென்றுவிடும். ஆகவே பழைய, சிறிய திரை கொண்ட கைபேசி, குறைந்த தரவு, விட்டுவிட்டுக் கிடைக்கும் சமிக்ஞை, பிறர் கடனாகத் தந்த சில நிமிடங்கள் ஆகியவையே சோதனைச் சூழலாக அமைய வேண்டும்.

ஒரு பக்கத்தைச் சோதித்தல்: வயிற்றுப்போக்கு

குழந்தையின் வயிற்றுப்போக்குக்கான பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எளிய, மலிவான சிகிச்சை. அறிவியலில் ஐயமில்லாத இப்பக்கத்திலும் பயனர் வழுக்கி விழும் இடங்கள் பல.

முதலாவது, சொல். 'வாய்வழி நீரேற்றுக் கரைசல்' என்று தலைப்பிட்ட பக்கத்தை, 'பேதி' என்றோ 'வயித்தால போகுது' என்றோ தேடுபவர் கண்டடைய மாட்டார். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, தன் இணையதள உள்ளடக்கம் 9 முதல் 11 வயதுவரை உள்ள ஒருவரின் வாசிப்புத் திறனுக்கு எட்ட வேண்டும் என்பதை இலக்காகக் கொண்டுள்ளது. ஆங்கிலத்துக்கென உருவான வாசிப்பெளிமைச் சூத்திரங்களை ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. படித்தவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு கேட்பதே இங்கு நம்பகமான சோதனை. வாசிக்க இயலாதவர்களுக்கு ஒலிப்பதிவு வேண்டும். அதையும் இதே முறையில் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. 'ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில் கரைக்கவும்' என்பது பெரிய பாக்கெட்டுக்குச் சரி. கடைகளில் 200 மில்லி நீருக்கான சிறிய பாக்கெட்டுகளும் விற்கப்படுகின்றன. சிறியதை ஒரு லிட்டரில் கலந்தால் கரைசல் பயனற்று நீர்த்துப்போகும். பெரியதை ஒரு குவளையில் கலந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. பயனரிடம் பாக்கெட்டையும் வீட்டுப் பாத்திரத்தையும் கொடுத்துக் கரைக்கச் சொன்னால், எந்த வினாத்தாளும் காட்டாத பிழை வெளிப்படும்.

மூன்றாவது, நீர். 'சுத்தமான நீர்' என்ற இரு சொற்கள் எல்லா வீட்டிலும் அது கிடைக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது, குழந்தைகள் நோயுற்ற பிறகே. ஆகவே நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கலக்குமாறு பக்கம் சொல்ல வேண்டும். கொதிக்க வைக்க வழியில்லாதபோது கிடைப்பதில் மிகத் தூய நீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். ஒரே குடியிருப்பில் பல குழந்தைகள் ஒருசேர நோயுற்றால் குடிநீரைச் சோதிக்கக் கோரும் வழியும் அங்கேயே இடம்பெற வேண்டும்.

நான்காவது, அபாய அறிகுறி. கண் குழிதல், நீர் குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம், எழுப்பியும் விழிக்காத சோர்வு ஆகியவை பக்கத்தின் அடியில் புதைந்திருந்தால் கைபேசியில் கண்ணில் படா. முதல் திரையிலேயே அவை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108, 104 ஆகிய எண்கள் தொட்டவுடன் அழைக்கும் வகையில் அமைய வேண்டும்.

படங்களில் உள்ள தோல்

மருத்துவப் படங்களில் வெளிர்தோலே இயல்பாகக் கொள்ளப்படுவது உலகளாவிய குறை. பச்சிளங் குழந்தையின் நிறத்தைக் கொண்டு உடல்நிலையைக் கணிக்கும் முறைகளை ஆராய்ந்து, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சார்ந்த இனம் மற்றும் சுகாதார ஆய்வகம் 2023 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 'இளஞ்சிவப்பு', 'நீலம்' போன்ற விவரிப்புகள் கருநிறக் குழந்தைகளுக்குப் பொருந்துவதில்லை என்பதை அது சுட்டிக்காட்டியது. 'உடல் சிவந்து தடிக்கும்' என்று மொழிபெயர்க்கப்பட்ட தமிழ்ப் பக்கமும் இதே தவற்றைச் செய்கிறது. நம் குழந்தைகளின் தோலில் தட்டம்மை எப்படித் தெரியும், மஞ்சள் காமாலையைக் கண்ணின் வெண்பகுதியில் எப்படிப் பார்ப்பது என்பதைக் காட்டும் படங்கள் உள்ளனவா என்று மதிப்பீட்டாளர் கேட்க வேண்டும்.

சோதிப்பவரும் சோதனையின் பகுதியே

அதிகாரியோ தொண்டு நிறுவன ஊழியரோ எதிரே அமர்ந்து 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'நல்லாத்தான் இருக்கு' என்ற விடையே வரும். காலங்காலமாகக் குறை சொன்னதற்குத் தண்டனை பெற்றவர்களிடமிருந்து வேறு விடையை எதிர்பார்ப்பது பேதைமை. ஆகவே மனநிறைவு மதிப்பெண்ணைவிட, செய்து முடித்த பணிகளின் எண்ணிக்கைக்கே கூடுதல் எடை தரப்பட வேண்டும். சோதனை சேரியிலேயே, அம்மக்கள் விரும்பும் இடத்தில் நடக்க வேண்டும். நடத்துபவர்களிலும் அவ்வூர்ப் பெண்கள் இருக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வருபவருக்கு அதற்கு ஈடான தொகை தரப்பட வேண்டும்.

தனியுரிமையும் மதிப்பீட்டில் அடங்கும். தகவலைப் படிக்கக் கைபேசி எண், ஊர், சாதி ஆகியவற்றைக் கேட்கும் தளம் ஏன் கேட்கிறது என்பதை விளக்கக் கடமைப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது.

அறிக்கையில் இருக்க வேண்டியவை

பொதுப்பணத்தில் நடக்கும் எந்தக் குழந்தை நலத் தளத்தின் மதிப்பீட்டு அறிக்கையையும் படிக்கும்போது சில கேள்விகளைக் கேட்கலாம். சோதனையில் பங்கேற்ற தலித், பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? முடிவுகள் குழுவாரியாகப் பிரித்துத் தரப்பட்டுள்ளனவா? எத்தனை பேர் பணியைப் பிழையின்றி முடித்தனர்? கண்டறிந்த குறைகள் எப்போது திருத்தப்பட்டன? திருத்திய பின் மீண்டும் சோதிக்கப்பட்டதா?

சராசரி மதிப்பெண் ஒன்றை மட்டும் வெளியிடும் அறிக்கை, யார் வெளியே நிற்கின்றனர் என்பதை மறைத்துவிடும். மக்கள் அமைப்புகள் இந்த விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோரலாம். தம் குடியிருப்புகளில் தாமே இச்சோதனைகளை நடத்தவும் செய்யலாம். அதற்கு ஒரு கைபேசியும், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும், ஒரு பாத்திரமும், பொறுமையாகக் கவனிக்கும் ஒருவரும் போதும்.